அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்

இன்னும் பதினொரு வீடு இருக்கிறது. பதினொன்று தாண்டினால் அந்த வீடு. கையில் வாக்காளர் பட்டியல் இருப்பதால்தான் எனக்கு இந்தக் கணக்கு, இல்லாவிட்டால் மற்றவர்கள் மாதிரி வெயிலைத் திட்டிக்கொண்டே நடந்திருப்பேன். மணி நாலேகால். உப்புக் கிட்டங்கித் தெருவில் இந்த நேரத்துக்கு நிழல் கிடையாது, உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கியின் சுவர் கிழக்குப் பக்கம், அது மேல்வெயிலை எல்லாம் வாங்கி நம் முகத்தில் திருப்பி அடிக்கும். அப்பா முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு போகிறார். அவர் பின்னால் நோட்டீஸ் கட்டோடு எட்டுப் பேர். கடைசியில் நானும் ரைட்டர் மாமாவும். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை, போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம், புகார் எல்லாம் எழுதுகிற ஏட்டையாவை அப்படித்தான் சொல்வார்கள். பெயர் பூதலிங்கம். அப்பா இந்த ஊரில் இன்ஸ்பெக்டராக இருந்த நாலு வருஷமும் இவர்தான் ரைட்டர். அப்பா வி.ஆர்.எஸ். வாங்கின அதே வருஷம் இவரும் ரிட்டயர் ஆனார். இப்போது அப்பா நகராட்சித் தேர்தலில் நிற்கிறார், இவர் அதற்கு வேண்டியதை எழுதுகிறார். பதினாலாவது வார்டு, சுயேச்சை, ஜன்னல் சின்னம், மக்கள் காவலர் சண்முகசிகாமணி. மக்கள் காவலர் ரைட்டர் மாமா போட்டது. என் வேலை வீட்டுக்கு வீடு பூத் சிலிப்பைக் கிழித்துக் கொடுப்பது, பட்டியலில் டிக் போடுவது, அப்புறம் ஒரு வரி சொல்வது. "எங்கப்பா எனக்கு எப்படியோ உங்களுக்கும் அப்படித்தான் இருப்பாங்க." அதுவும் ரைட்டர் மாமா எழுதினதுதான். காலையிலிருந்து நூற்றிருபது தடவைக்கு மேல் சொல்லிவிட்டேன். இப்போது அது வார்த்தை இல்லை, பஸ் ஸ்டாண்டில் கடலைமிட்டாய் விற்கிறவர் போடுகிற சத்தம் மாதிரி ஒரு சத்தம். எப்படி என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று நூற்றிருபது தடவையும் யோசித்தேன்.

பத்தொன்பதாம் பக்கம். நானூற்றுப் பன்னிரண்டு, உலகநாதன். நானூற்றுப் பதிமூன்று, சுயம்புக்கனி. நானூற்றுப் பதினாலு, மதியழகன், வயது இருபத்திநாலு. மதியழகன் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. செத்தபோது இருபத்திரண்டு. யாரும் பெயரை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கவில்லை போல, பட்டியலில் அவனுக்கு வயதை வேறு ஏற்றிவிட்டிருக்கிறார்கள். காலையில் அதைப் பார்த்ததும் தோசையை அப்படியே வைத்துவிட்டேன், அம்மா "என்னட்டி, பல்லுவலியா" என்றாள், ஆமாம் என்றேன். பிறகு பத்தொன்பதாம் பக்கத்தை மட்டும் பின் கழற்றி எடுத்துப் பட்டியலின் கடைசியில் சொருகினேன். சின்னப் பிள்ளைத்தனம்தான். பக்கத்தை ஒளித்தால் வீடு போய்விடுமா. நீலத் தகரக் கதவு, அது அங்கேதான் இருக்கும். இப்போது பத்து வீடு. ஒரு கிழவருக்கு நான் அந்த வரியைச் சொன்னேன், அவர் என்னைப் பார்க்காமல் அப்பாவின் பிரவுன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள். வேட்டிக்கும் அந்த ஷூவுக்கும் சேரவில்லை, செருப்புப் போடுங்கள் என்று அம்மா எத்தனையோ சொல்லிப் பார்த்தாள், அப்பாவுக்குச் செருப்பில் நடக்க வரவில்லை. கை கூப்பவும் வரவில்லை. ஒரு வாரம் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று அம்மா பழக்கினாள். அப்படியும் கை நெஞ்சுக்கு வருவதற்குள் ஒரு நொடி முன்னால் நீளும், லாரியை நிறுத்துகிற மாதிரி. நீளும்போது எதிரில் இருக்கிறவர்கள் ஒரு அடி பின்னால் போவார்கள். அப்புறம் கூப்புவார். அப்புறம் அவர்கள் சிரிப்பார்கள். அந்த ஒரு அடியை நான் வீட்டுக்கு வீடு பார்க்கிறேன், பார்க்கக்கூடாது என்று நினைத்தாலும் கண் அங்கேதான் போகிறது.

அப்பாவுக்கு அது தெரிவதில்லை. தெருமுனையில் புதைக்காமல் போட்டிருந்த சிமெண்டுக் குழாய் மேல் உட்கார்ந்திருந்த நாலைந்து பேர் அவரைக் கண்டதும் எழுந்து, மடித்துக் கட்டின கைலியைச் சடாரென்று கீழே இறக்கிவிட்டார்கள். "பாத்தீரா பூதலிங்கம், அத்தனை பேரும் எந்திச்சி நிக்கான். எல்லாம் நம்ம ஓட்டு." ரைட்டர் மாமா "ஆமாய்யா" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் ஆமாய்யாதான். காலையில் ஆறு மணிக்கு எங்கள் வீட்டு முற்றத்தில் நோட்டீஸ் கொடுக்கிற எட்டுப் பேரையும் வரிசையில் நிறுத்தி ரோல்கால் எடுக்கிறார் அப்பா. வராதவனுக்கு மறுநாள் வெயிலில் தட்டி கட்டுகிற வேலை. தெருவுக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறார், பீட்டுப் போகிற போலீஸ்காரர்கள் வைத்திருப்பார்களே அது மாதிரி, எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனோம், யார் இருந்தார்கள், முகம் எப்படி இருந்தது, எல்லாம். வீட்டுக்கு இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தில் அவர் ஒரு வித்தை காட்டுவார், அதுதான் இந்த வார்டில் இப்போது பேச்சு. ஒருத்தர் முகத்தைப் பார்த்த உடனே பெயர், தகப்பன் பெயர், தொழில், அடையாளம், பழக்கம், எல்லாம் சொல்வார். இப்போதுகூட ஒரு வீட்டில் சொன்னார். "நீ... நீங்க செல்லத்துரைல்லா. தகப்பன் பேரு அய்யாக்குட்டி. வலது காதுல வெட்டு. பொய் சொன்னா மூக்கைத் தொடுவிய." அந்த ஆள் கை தன்னால் மூக்குக்குப் போனது, வீடு முழுக்கச் சிரிப்பு. "சார், அஞ்சு வருஷம் ஆச்சு, எப்படி சார் மறக்காம இருக்கிய?" "மறக்குறதுக்கா உங்க ஊருக்கு வந்தேன்." மறுபடி சிரிப்பு. செல்லத்துரை மட்டும் சிரித்து முடித்த பிறகு காதைத் தடவிக்கொண்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்பா மேலா, சிரிக்கிறவர்கள் மேலா என்று தெரியவில்லை. நானும் சிரித்திருந்தேன், அதுவும் ஒரு காரணம். அப்பா அதைச் சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கும். அவர் சந்தோஷமாக இருக்கிறது அப்போது மட்டும்தான்.

ஏழு வீடு. தண்ணீர் வேண்டும் போலிருக்கிறது, கேட்டால் இரண்டு நிமிஷம் மூன்றாகிவிடும். ஈரத்துணி. நெற்றியில் ஈரத்துணி வைத்தால் அது முதலில் சில்லென்று இருக்கும், பிறகு காதுக்குள் ஒரு சொட்டு இறங்கும், அப்பா தன் விரலால் அந்தச் சொட்டைத் துடைத்துவிட்டார். இல்லை. துடைக்கவில்லை. இதுதான் எனக்கு அடிக்கடி வந்து சிக்கிக்கொள்கிறது. அப்பா என் நெற்றியில் ஈரத்துணி வைத்ததே இல்லை. ஏழாம் வகுப்பில் எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்து நாலு நாள் கிடந்தேன், முழுப்பரீட்சை லீவில், அப்போது அவர் ஒரு கான்ஸ்டபிளிடம் ரொட்டியும் மாத்திரையும் கொடுத்தனுப்பினார், அவ்வளவுதான். ஈரத்துணி ரைட்டர் மாமா எழுதினது. வாக்குமூலத்தில் இருக்கிறது. 'நான் மேற்படி விலாசத்தில் என் தாய் தகப்பனாருடன் குடியிருந்து பத்தாம் வகுப்பு படித்து வருகிறேன். மேற்படி பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி எனக்குக் காய்ச்சல் கண்டிருந்தபடியால் நான் பள்ளிக்குச் செல்லவில்லை. என் தாயார் ஊரில் இல்லாத காரணத்தால் என் தகப்பனார் மதியம் ஒரு மணி முதல் என் அருகிலேயே அமர்ந்து நெற்றியில் ஈரத்துணி வைத்துக் கவனித்து வந்தார். படித்துக் காட்டக் கேட்டேன், சரி.' கீழே என் கையெழுத்து. சிந்துஜா. ச.சிந்துஜா. நான் படித்துக் காட்டக் கேட்கவில்லை, நானே படித்தேன். படித்தபோது எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அப்பா மதியத்திலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்று எழுதியிருந்தது, அது எனக்குப் பிடித்திருந்தது. அப்பா கதவருகே நின்றுகொண்டு "போடும்மா, ஒண்ணும் இல்ல, ஆபீஸ் பேப்பர்" என்றார். அவர் என்னை அம்மா போட்டுக் கூப்பிட்டது அபூர்வம். போட்டேன்.

அந்தப் பிப்ரவரி பத்தொன்பது மதியம் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். கணக்கு ரிவிஷன் டெஸ்ட். எண்பத்து மூன்று. அதே மதியம் மோட்டார் வைண்டிங் கடையிலிருந்து மதியழகனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள், யாருடைய மோட்டாரோ களவு போனதற்கு. போனார்கள் என்று கடைக்காரர் முதலில் சொன்னார், பிறகு போகவில்லை என்று சொன்னார். மறுநாள் காலையில் ரயில் தண்டவாளத்துப் பக்கத்தில் கிடந்தான். ரயிலில் அடிபட்டான் என்றார்கள். ஸ்டேஷனுக்கு அவன் வரவே இல்லை, அவனை நான் பார்த்ததே இல்லை, அன்றைக்கு மதியத்திலிருந்து நான் வீட்டில் இருந்தேன், மகளுக்குக் காய்ச்சல், என்றார் அப்பா. சப் கலெக்டர் ஆபீஸில் விசாரணை நடந்தது, என் வாக்குமூலத்தை அவன் அம்மா சுயம்புக்கனி முன்னால் வாசித்தார்களாம். நான் வெளியே ஜீப்பில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா படி இறங்கி வந்து என்னை ஒருதரம் பார்த்தாள், கோபமாக எல்லாம் இல்லை, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் நோயாளியைப் பார்ப்பார்களே, அப்படி. ஃபைல் மூடிவிட்டது. அப்பா வி.ஆர்.எஸ். வாங்கினார். எனக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை நான் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. நாலு வருஷமும் முழு வருகைக்குச் சான்றிதழ், ஹாலில் வரிசையாக மாட்டியிருக்கிறது, ஐந்தாவதற்கு ஆணி மட்டும் இருக்கிறது. வருகை ரிஜிஸ்டரில் அந்தத் தேதிக்கு நேரே வெள்ளை மை பூசி அதன் மேல் ஆப்சென்ட் போட்டுவிட்டார்கள். மார்க் ரிஜிஸ்டரிலும். ஹெச்.எம். அறைக்கு அப்பா போய்விட்டு வந்தார், அவ்வளவுதான். கிளாஸ் லீடர் நான்தான், ரிஜிஸ்டரை எடுத்துப் போகிறதும் நான்தான், தினமும் காலையில் அந்த வெள்ளைக் கட்டத்தைத் தூக்கிக்கொண்டு போவேன். விரலால் தடவினால் மேடாக இருக்கும். என்னோடு சேர்த்து முப்பத்தெட்டுப் பேர் அன்றைக்கு அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தோம். முப்பத்தேழு பேருக்கும் தெரியும் நான் இருந்தேன் என்று, என்னிடம் ஸ்கேல் வாங்கினவளுக்குத் தெரியும், பேப்பர் திருத்தின மிஸ்ஸுக்குத் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை, அவர்கள் வீட்டில் என்ன சொல்லி வைத்தார்களோ. பெயர் வாசிக்கும்போது நான் "பிரசன்ட் மிஸ்" என்பேன். பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி மெதுவாக "நெசமாவா" என்பாள். அவ்வளவுதான், ஒரு வார்த்தை. பத்தாவது முடிந்தது, பதினொன்றாவதிலும் அதே பிள்ளைகள், அதே நெசமாவா. அரைப்பரீட்சைக்கு அப்புறம் நான் போகவில்லை. படிப்பு ஏறவில்லை என்று அப்பா எல்லாரிடமும் சொல்கிறார். ஏறாமல் என்ன.

மூன்று வீடு. ரைட்டர் மாமா எனக்குப் பக்கத்தில் வந்து, "பாப்பா, அந்த ஒரு பக்கம் எங்க" என்று கேட்டார். பத்தொன்பதைத்தான் கேட்கிறார். கடைசியில் சொருகினதைக் காட்டினேன். "அங்கேயே இருக்கட்டும்" என்றார். பிறகு வேகமாக முன்னால் போய் அப்பா காதருகே, "ஐயா, இந்த லைன் அவ்வளவுதான், அந்தக் கடைசி நாலு வீடும் பூட்டிக் கெடக்கு, நேரே மேலத்தெருவுக்குப் போயிருவோம்" என்றார். அப்பா நின்றார். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துப் பார்த்தார். "நாலு வீடு பூட்டிக் கெடக்குன்னு யார் சொன்னா? அதுல மூணாவது வீடு யாருதுன்னு எனக்குத் தெரியாதாவே?" ரைட்டர் மாமா கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "வேண்டாம்யா." "ஏன் வேண்டாம்? சுத்திப் போறவன்தான் குத்தவாளி. இத்தனை வருஷம் அதை வச்சித்தான எத்தனை பேரைப் பிடிச்சோம், எந்தத் தெருவுக்கு மட்டும் போகாம இருக்கான்னு பாத்து. நான் ஏன் சுத்திப் போகணும்?" குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அவர் தைரியத்துக்குப் போகிறாரா, பயத்தில் போகிறாரா, இல்லை அங்கே ஒன்றும் நடக்கவே இல்லை என்று அவரே நம்பிவிட்டாரா. நான் ஈரத்துணியை நம்புகிற மாதிரி. அதுவாகத்தான் இருக்கும். எனக்குத் திரும்பி ஓட வேண்டும் போலிருந்தது, கால் என்னவோ முன்னால்தான் போனது. ஒரு வீடு. அந்த வரியைச் சொன்னேன். இன்னொரு வீடு, சொன்னேன், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, அந்த வீட்டு அக்கா "புள்ளைக்குத் தண்ணி தரட்டா" என்றாள், அப்பா "போற இடத்துல குடிச்சிக்கிடும்" என்றார். போகிற இடம் நீலத் தகரக் கதவு.

கதவு திறந்துதான் இருந்தது. குழாயில் தண்ணீர் வருகிற நேரம், சுயம்புக்கனி இடுப்பில் குடத்தோடு வெளியே வரப் பார்த்தாள், எங்களைக் கண்டதும் நின்றுவிட்டாள். குடத்தை இறக்கவில்லை. எட்டுப் பேரும் தெருவிலேயே நின்றுகொண்டார்கள், இந்த வீட்டுக்கு மட்டும் ஒருத்தனும் நோட்டீஸை நீட்டவில்லை. அப்பா கை நீண்டது, பிறகு கூப்பினார். அந்த அம்மா பின்னால் நகரவில்லை. இன்றைக்கு முழுக்க நகராத ஒரே ஆள். "வணக்கம்மா. ஜன்னல் சின்னம்." அவள் குடத்தை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள். உள்ளே சுவரில் மதியழகன் போட்டோ, மேலே சின்ன பல்பு, அதற்குக் கீழே ஆணியில் செப்புக் கம்பிச் சுருள் இரண்டு தொங்கிக்கொண்டிருந்தது, அவன் வேலைச் சாமான்களாக இருக்கும். பேசாமல் நிற்கிறவர்களை அப்பாவால் தாங்க முடியாது, வீட்டிலும் அப்படித்தான், அம்மா பேசாமல் இருந்தால் இவர் எதையாவது பேசிக்கொண்டே இருப்பார். காலையிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போய் இருந்தது வேறு. போட்டோவைப் பார்த்தார். "மதியழகன். தகப்பன் பேரு உலகநாதன். மோட்டார் வைண்டிங்." நான் அப்போதே அப்பா சட்டையைப் பிடித்து இழுத்திருக்கலாம். "நல்ல பையன். பயந்தா விக்கல் எடுக்கும் அவனுக்கு. சொம்பு சொம்பா தண்ணி கொடுத்தாலும் நிக்காது." சொல்லிவிட்டு, வித்தை முடிந்ததும் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பைச் சிரித்தார். பக்கத்தில் ரைட்டர் மாமா கண்ணாடியைக் கழற்றினார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அப்பாவுக்கு, தான் என்ன சொன்னோம் என்று தெரிந்ததா, தெரியவில்லை, வாட்ச்சைப் பார்த்தார், "பாத்துக்கோங்கம்மா" என்றார், திரும்பி அடுத்த வீட்டுக்கு நடந்துவிட்டார், ஷூ சத்தம் கொஞ்சம் வேகமாகக் கேட்ட மாதிரி இருந்தது, அது என் நினைப்பாகவும் இருக்கலாம். எட்டுப் பேரும் அவர் பின்னால் போனார்கள்.

சுயம்புக்கனி குடத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். "சின்னப் பிள்ளையில இருந்தே உண்டும்," என்றாள், எங்களிடம் சொல்வது போலவும் இல்லை. "இடி இடிச்சா எடுக்கும். அவங்கப்பா கம்பைத் தூக்கினா எடுக்கும். பெரியவன் ஆனதுக்கப்புறம் வெளிய காட்ட மாட்டான், கேவலமா நெனப்பான். எனக்கும் அவங்கப்பாவுக்கும் மட்டுந்தான் தெரியும்னு இருந்தேன்." பிறகு என்னைப் பார்த்தாள். ஜீப்பில் இருந்த என்னைப் பார்த்த அதே பார்வை. "நீதான அந்தப் பிள்ள. காய்ச்சல் விட்டிருச்சா?" குத்திக் கேட்டாளா, நிஜமாகக் கேட்டாளா, இப்போது வரை எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷமாக என்னிடம் அதைக் கேட்ட ஒரே ஆள். வாயைத் திறந்தால் எங்கப்பா எனக்கு எப்படியோ என்றுதான் வரும் போலிருந்தது, அது பழகிக் கிடக்கிறது. அது வரவில்லை. "எனக்குக் காய்ச்சலே வரல," என்றேன். "தெரியும்," என்றாள். "அன்னிக்கு ஸ்கூல்லதான் இருந்தேன். கணக்கு டெஸ்ட்." "அது தெரியாதே." தெருக்குழாயில் குடங்கள் இடித்துக்கொள்கிற சத்தம், யாரோ யாரையோ வரிசையில் வாட்டி என்று திட்டினார்கள். "வக்கீல் ஒருத்தர் கேட்டாரு, எழுத்துல ஏதாச்சும் இருக்கான்னு. நாங்க சொல்லுதது எல்லாம் வாயால சொல்லுததாம். நீ இதை எழுதித் தருவியாட்டி?"

கேட்ட உடனே எழுதினேன் என்று சொன்னால் பொய். முதலில் அப்பாவை ஜெயிலுக்குப் போகிற மாதிரி நினைத்துப் பார்த்தேன், வேட்டியில், அந்த ஷூவோடு. அம்மா பீரோக் கண்ணாடி முன்னால் தனியாக நிற்கிற மாதிரி. பிறகு, இந்த மதியழகன் யார் எனக்கு, நான் பார்த்ததுகூட இல்லை, என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே காதுக்குள் விக்கல் சத்தம் கேட்டது, ஒன்று, கொஞ்சம் இடைவெளி, இன்னொன்று, ஒரு சொம்பு தண்ணீர், அப்புறமும் ஒன்று. கண்ணை மூடினால் நிற்கும் என்று மூடினேன். நிற்கவில்லை. தண்ணீர் கொடுத்தது யார், ஈரத்துணி வைத்த கையா, அந்தக் கை துணி வைக்கவே இல்லையே, அந்த நேரத்தில் அந்தக் கை வேறு வேலையில் இருந்தது. ரைட்டர் மாமா "வேண்டாம் பாப்பா" என்றார். "உங்கப்பா மட்டும் இல்ல. நானும் போவேன்." அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை, மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னார். நான் கடைசியில் சொருகியிருந்த பக்கத்தைத் தேடி, அதோடு சேர்த்துச் செருகியிருந்த சிலிப்களில் நானூற்றுப் பதினாலைக் கிழித்தேன். வாக்காளர் பெயர் மதியழகன். அதைத் திருப்பி, தகரக் கதவில் வைத்து எழுதினேன். கதவு ஆடியது, எழுத்து கோணல்மாணலாக வந்தது. 'எனக்குக் காய்ச்சல் இல்லை. அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். கணக்கு டெஸ்ட் எழுதினேன், 83. மிஸ் கையெழுத்துப் போட்ட பேப்பர் என்னிடம் இருக்கிறது. அப்பா வீட்டில் இல்லை. முன்னால் கொடுத்தது நான் சொன்னது இல்லை, கையெழுத்து மட்டும் என்னுடையது. ச.சிந்துஜா.' மேற்படி ஒன்றுகூடப் போடவில்லை. ரைட்டர் மாமா தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டு நின்றார். மூச்சு என் காதில் பட்டது. பிடுங்கிக் கிழிப்பார் என்று சிலிப்பை இறுக்கிப் பிடித்தேன். அவர் கை வந்தது. விரல் சிலிப்பின் அடியில் காலி இடத்தைத் தொட்டது. "எந்தத் தேதின்னு எழுதலையே," என்றார். "அன்னைக்குத் தேதி மேல போடணும். கீழ இன்னைக்குத் தேதி. இல்லேன்னா செல்லாது." சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர் மாதிரி திரும்பி நின்றுகொண்டார். இரண்டு தேதியும் போட்டேன். சுயம்புக்கனி அதை வாங்கி நாலாக மடித்து, ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாள். நன்றி என்று எல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது. குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனாள், வரிசை போய்விடும் என்பதால்.

அடுத்த வீட்டு வாசலில் அப்பா நின்றிருந்தார். அங்கே ஒரு அம்மாவும் மருமகளும், பின்னால் எட்டிப் பார்க்கிற ஒரு தாத்தா. "எங்க போச்சு புள்ள? ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆச்சு." நான் பக்கத்தில் போய் நின்றேன். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், அந்த வரியைச் சொல் என்று. அந்த அம்மா சிரித்த முகமாகக் காத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெருக்குழாய்ப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று மட்டும் இருந்தது. பட்டியலை மூடி நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். கழுத்திலிருந்து வேர்வை முதுகுக்குள் இறங்கியது. "என்ன சிந்து, ஒரு மாதிரி நிக்க?" என்றார் அப்பா. ஆட்கள் பார்க்கிறார்கள் என்பதாலோ, இல்லை நிஜமாகவேதானோ, அவர் கை வந்தது. நான் ஒரு அடி பின்னால் போனேன், எல்லாரும் போகிற மாதிரி. அவர் கவனிக்கவில்லை. உள்ளங்கையை என் நெற்றியில் வைத்தார். பெரிய கை, புருவத்திலிருந்து முடி வரை மூடிக்கொண்டது, நான் நினைத்திருந்ததைவிட மெத்தென்று இருந்தது, சில்லென்றும் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்துப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடமும் மருமகளிடமும் தாத்தாவிடமும் எட்டுப் பேரிடமும் ரைட்டர் மாமாவிடமும் கேட்கிற மாதிரி, அவருடைய ஸ்டேஷன் குரலில் சொன்னார். "காய்ச்சல் எல்லாம் ஒண்ணும் இல்ல." ரைட்டர் மாமா ஆமாய்யா சொல்லவில்லை. கையை எடுக்கப் போகிறார் என்று தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்தச் சிலிப்பைக் கொடுத்த பிறகும் அப்படித்தான் நினைத்தேன்.